கிடங்கில் எலி: கொல்வதற்கு முன் அடைக்க வேண்டும்

ஓர் இடத்தில் எத்தனை எலி வாழும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: தீனி, தண்ணீர், ஒண்டுவதற்கு இடம். நெல் கிடங்கு, அரிசி ஆலை, மாவு மில், பிஸ்கட் தொழிற்சாலை, மொத்த மளிகைக் கடை, உணவகச் சமையற்கட்டு என எங்கே பார்த்தாலும் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. இரவில் ஆள் நடமாட்டமும் குறைவு. வீட்டுக்குள் ஓர் எலி புகுந்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் ஒரு கூட்டமே குடியேறினாலும் மாதக்கணக்கில் தெரியாமல் போகலாம்.

எலி தின்பது குறைவு; கெடுப்பது அதிகம். வளர்ந்த ஓர் எலி நாளொன்றுக்குத் தின்னும் தானியம் 20 முதல் 30 கிராம். அதே நாளில் அது 40 புழுக்கை வரை போடும். சிறுநீரும் முடியும் போகிற வழியெல்லாம் விழும். கிழிந்த சாக்கிலிருந்து கொட்டும் தானியம் வேறு. 1960களில் இந்தியாவின் அறுவடைக்குப் பிந்தைய இழப்பை ஆராய்ந்த பான்சே குழு, உணவு தானியத்தில் ஏறத்தாழ 2.5 சதவீதம் சேமிப்பின்போது எலிகளால் மட்டும் வீணாவதாக மதிப்பிட்டது. பூச்சிகளால் ஏற்படும் சேமிப்பு இழப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்.

தானியமே இல்லாத ஆலையும் தப்புவதில்லை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்து அவற்றைத் தேய்த்துக்கொள்ளும் விலங்குக்கு மரம், பிளாஸ்டிக், அலுமினியத் தகடு, மின்கம்பியின் உறை எல்லாம் ஒன்றுதான். 2013 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் தற்காலிக மின்பலகை ஒன்றில் எலி புகுந்து மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பயன்படுத்திய எரிபொருளைக் குளிர்விக்கும் குளங்களின் இயக்கம் ஒரு நாளுக்கும் மேலாகத் தடைபட்டது. பலகைக்கு அருகே கருகிய எலி ஒன்று கிடந்தது.

எந்த எலி?

தமிழ்நாட்டுக் கிடங்குகளில் முக்கியமாக நான்கு வகைகளைப் பார்க்கலாம். கூரை எலி என்றும் வீட்டெலி என்றும் சொல்லப்படுவது ஒல்லியான உடலும் உடலைவிட நீண்ட வாலும் கொண்டது. உத்தரம், குழாய், மின்கம்பி வழியாக ஏறி உயரத்திலேயே வாழும். பெருச்சாளி கனத்த உடல் கொண்டது. சாக்கடையிலும் மதிலடியிலும் பெரிய வளை தோண்டும். அதன் இனத்திலேயே சற்றுச் சிறியது சிறு பெருச்சாளி. வயல் வரப்பில் வளை தோண்டி நெற்கதிரை வெட்டிச் சேர்ப்பதும் இதுதான், கிடங்குத் தரைக்கு அடியில் குடியேறுவதும் இதுதான். நான்காவது சுண்டெலி. உலகத் துறைமுகங்களிலும் பெருநகரச் சாக்கடைகளிலும் பெருகியுள்ள பழுப்பு எலியும் துறைமுகக் கிடங்குகளில் உண்டு.

வகையைப் பொறுத்தே கட்டுப்பாட்டு முறையும் அமையும். தரையில் வைத்த பொறி உத்தரத்தில் ஓடும் கூரை எலியைத் தொடாது. எலி தன் வளையிலிருந்து முப்பது மீட்டருக்கும் அப்பால் போய் இரை தேடும். சுண்டெலியோ சில மீட்டருக்குள் முழு வாழ்க்கையையும் முடித்துக்கொள்ளும். அதனால் சுண்டெலிக்கான பொறிகளை 2, 3 மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக வைக்க வேண்டும். சுண்டெலிக்குத் தண்ணீர்கூடத் தனியாகத் தேவையில்லை, தானியத்தில் உள்ள ஈரமே போதும். எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். நேற்று இல்லாத பெட்டி இன்று வழியில் இருந்தால் சில நாட்கள் விலகியே போகும். சுண்டெலி புதுப்பொருளைத் தேடிப்போய் முகரும்.

மூஞ்சூறு எலியே அல்ல. கூர்மூக்கும் துர்நாற்றமும் கொண்ட இது பூச்சி தின்னும் வேறு இனம். தானியத்தில் கலந்த மருந்தை அது பெரும்பாலும் தொடாது. மூஞ்சூற்றைப் பார்த்துவிட்டு எலி மருந்து வைப்பவர்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று குறைப்படுவதுண்டு.

தடயம் தேடுதல்

எலி ஒழிப்பு தொடங்குவது டார்ச் விளக்கும் ஏட்டுமாக இடம் முழுவதையும் சுற்றிவருவதில்தான். கூரை எலியின் புழுக்கை அரை அங்குல நீளத்தில் நுனி கூராக இருக்கும்; பழுப்பு எலியுடையது முக்கால் அங்குலம், நுனி மழுங்கியது; சுண்டெலியுடையது அரிசிமணியைவிடச் சிறியது. பளபளப்பாகவும் மென்மையாகவும் இருந்தால் புதிது, தொட்டால் உதிர்ந்தால் பழையது. ஒரே வழியில் ஓடும் எலியின் உடலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு, சுவரோரத்திலும் குழாய் நுழையும் துளையிலும் கறுப்புக் கறையாகப் படியும். வளை வாயில் சிலந்திவலை பின்னியிருந்தால் அங்கே எலி இல்லை. சந்தேகமான வளையை மாலையில் மண்ணாலோ கசக்கிய காகிதத்தாலோ மூடிவிட்டுக் காலையில் பார்த்தால், திறந்திருப்பது குடியுள்ள வளை. தரையில் மெல்லிய மாவைத் தூவி வைத்தால் காலடியும் வால் இழுபட்ட கோடும் பதியும்.

பகலிலேயே எலி கண்ணில் படுவது கவலைக்குரிய அறிகுறி. இரவில் இரை தேடும் விலங்கு பகலில் வெளியே வருகிறது என்றால், கூட்டம் பெருத்துவிட்டது அல்லது ஒண்டும் இடம் போதவில்லை.

சுற்றி வந்தபின் கிடங்கின் வரைபடத்தில் புழுக்கை கிடந்த இடம், வளை, கறை, கொறித்த தடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டால், எலி எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது தெளிவாகிவிடும். மற்ற வேலைகள் எல்லாம் இந்தப் படத்தை வைத்தே நடக்க வேண்டும்.

கட்டடமே முதல் காவல்

1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் என்ற உயிரியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் குடியிருப்புப் பகுதிகளின் எலிக்கூட்டங்களை ஆராய்ந்தார்கள். எலிகளைப் பிடித்து அகற்றிய இடங்களில் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. குப்பையையும் ஒண்டும் இடத்தையும் குறைத்த இடங்களில் எண்ணிக்கை இறங்கியது. எலியின் கருக்காலம் மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டிகள். குட்டி மூன்று மாதத்துக்குள் தாயாகிவிடும். பாதிக் கூட்டத்தைக் கொன்றால், மீதிப் பாதிக்குத் தீனியும் இடமும் இரட்டிப்பாகக் கிடைக்கும். இழப்பு விரைவில் ஈடாகிவிடும். ஆகவே வழியையும் வாய்ப்பையும் அடைக்காமல் கொல்வதால் நிலையான பயன் இல்லை.

அரசுத் தானியக் கிடங்குகளின் வடிவமைப்பிலேயே இந்தப் பாடம் அடங்கியிருக்கிறது. எலி நின்ற இடத்திலிருந்து இரண்டடிக்கு மேல் எகிறும். அதனால் கிடங்கின் தளம் தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில் எழுப்பப்படுகிறது. அந்தத் தளத்தின் விளிம்பு சுவரைத் தாண்டி அரையடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுவரில் தொற்றி ஏறும் எலி விளிம்பின் அடியில் தடுக்கப்படும். படிக்கட்டைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டாமல், சுமை ஏற்றி இறக்கும்போது மட்டும் பலகை போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. பலகையை மாலையில் எடுக்காமல் விட்டால் இவ்வளவு கட்டியும் வீண்.

பழைய கட்டடத்தில் அடைக்க வேண்டியவை ஏராளம். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர். விரல் நுழையும் சந்து எதுவானாலும் எலி நுழையும் என்று கொள்ளலாம். அதிகம் மறக்கப்படும் இடம் ஷட்டரின் அடிப்பகுதி: தரை தேய்ந்து ஒரு மூலையில் இடைவெளி விழுந்திருக்கும். அங்கே உலோகப் பட்டை பொருத்த வேண்டும். ரப்பரை மட்டும் வைத்தால் கொறித்துவிடும். மரக்கதவின் அடியில் ஓரடி உயரத்துக்குத் தகடு அடிக்க வேண்டும். குழாயும் கேபிளும் சுவரில் நுழையும் துளைகளில் எஃகுக் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசலாம். வளைகளைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டால் மூடுவது நம் ஊரில் வழக்கம். வென்டிலேட்டருக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள எஃகு வலை தேவை. கழிவுநீர்க் குழாயின் வாயில் கம்பி மூடியோ, நீர் வெளியேற மட்டும் திறக்கும் தகடோ வேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டிவிட வேண்டும். கூரை எலிக்கு அது பாலம்.

கப்பல்களில் இந்த அக்கறை ஒரு நூற்றாண்டுப் பழமை கொண்டது. 1896-இல் பம்பாயில் பிளேக் முதலில் தலைகாட்டியது துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில். எலியும் அதன் மீதுள்ள தெள்ளுப்பூச்சியுமே நோயைப் பரப்புகின்றன என்று நிறுவப்பட்டபின், கப்பல்களுக்கு எலி ஒழிப்புச் சான்றிதழ் கட்டாயமானது. 2007-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, இன்று அதன் இடத்தில் கப்பல் சுகாதாரச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கரையில் கட்டிய வடக்கயிற்றில் மாட்டப்படும் வட்டத் தகடும் எலி ஏறாமல் தடுப்பதற்குத்தான்.

அடுக்கும் முறையும் துப்புரவும்

மூட்டை அட்டியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஓர் ஆள் விளக்குடன் நடக்கும் அளவு, குறைந்தது ஒன்றரை அடி, இடம் விட வேண்டும். சுவரடியில் வெள்ளைப் பட்டை தீட்டினால் புழுக்கையும் கறையும் பளிச்சென்று தெரியும். மூட்டைகளை மரச்சட்டத்தின் மீதோ பேலட்டின் மீதோ அடுக்க வேண்டும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும். மாதக்கணக்கில் அசையாத அட்டியின் நடுவில்தான் எலி கூடு கட்டும். காலிச் சாக்கு, பழைய அட்டைப்பெட்டி, பழுதான இயந்திரம், எங்கேனும் பயன்படும் என்று ஒதுக்கிய பலகை ஆகியவற்றின் குவியல் எலிக்கு ஆயத்தமான குடியிருப்பு.

சிந்திய தானியத்தை அன்றன்றே பெருக்கி அள்ள வேண்டும். அரிசி ஆலையில் பக்கெட் எலிவேட்டரின் அடிக்குழி, தவிட்டு அறை, குருணை கொட்டும் மூலை ஆகியவை இரவு ஷிஃப்ட் முடிந்ததும் சுத்தமாக வேண்டும். தொழிலாளர் சாப்பிடும் இடத்தின் குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி தேவை. சொட்டும் குழாயையும் ஏசி இயந்திரத்தின் கழிவுநீரையும் சரிசெய்ய வேண்டும். வறண்ட கிடங்கில் தண்ணீர் கிடைக்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான். வெளிச்சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் சரளைக்கல் பரப்பினால் வளை தோண்டுவது குறையும். தோண்டினாலும் உடனே தெரியும்.

பொறி

உணவு தயாராகும் கூடத்துக்குள் நஞ்சு வைக்கலாகாது. அங்கே பொறிதான் கருவி. எலி திறந்தவெளியைத் தவிர்த்துச் சுவரை உரசியபடி ஓடுவதால், பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைத்த பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். கூரை எலி என்றால் உத்தரத்திலும் குழாயின் மீதும் கட்ட வேண்டும். ஒன்றிரண்டு பொறியைப் பல வாரம் வைப்பதைவிட, பல பொறிகளைச் சில நாட்கள் ஒரேசமயம் வைப்பது பலன் தரும். முதல் மூன்று நாட்கள் பொறியை முடுக்காமல் இரை மட்டும் வைத்துப் பழக்கினால், எலியின் புதுப்பொருள் பயம் தெளிந்துவிடும்.

இரை எது என்பது இடத்தைப் பொறுத்தது. மசால்வடை, கருவாடு, தேங்காய்ச் சில்லு, வேர்க்கடலை எல்லாம் பலிக்கும். ஆனால் நெல் மலையாகக் குவிந்த கிடங்கில் இன்னொரு தானியத்தைக் காட்டி எலியை இழுக்க முடியாது. அங்கே தக்காளித் துண்டோ தண்ணீரோ நல்ல இரை.

பசை அட்டை மலிவானது. ஆனால் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும். இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக அறிவுறுத்தியதைத் தொடர்ந்து பல மாநிலங்கள் தடைச் சுற்றறிக்கை வெளியிட்டுள்ளன. இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதி முதல் உரிமமின்றி இதைப் பயன்படுத்துவது குற்றம்.

பூனை சில எலிகளைப் பிடிக்கும், கூட்டத்தைக் குறைக்காது. அதன் மலமும் முடியுமே உணவுக் கூடத்தில் மாசு. செவிக்கெட்டாத ஒலி எழுப்பும் கருவிகளின் ஒலி மூட்டைகளைத் தாண்டிப் போகாது. எலியும் சில நாளில் பழகிவிடும்.

நஞ்சும் வாயுவும்

எலி மருந்துகள் இரண்டு வகை. உடனே கொல்வது ஒன்று: துத்தநாகப் பாஸ்பைடு. கறுப்புப் பொடியான இது வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகி எலியைச் சில மணி நேரத்தில் கொல்லும். நொய்யரிசி 96 பங்கு, எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு என்பது நெடுங்கால வழக்கம். மருந்து கலப்பதற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் வெறும் எண்ணெய்க் குருணையை வைத்துப் பழக்க வேண்டும். குறைவாகத் தின்று தப்பிய எலி அந்த இரையை மறக்காது. பல மாதங்களுக்கு அதைத் தொடாது. ஆகவே இம்மருந்தை அடுத்தடுத்து வைப்பதில் பொருள் இல்லை.

மற்றொரு வகை இரத்தம் உறைவதைத் தடுப்பது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்தில் உருவான வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக வந்தது. தின்ற எலி சில நாள் கழித்து உள்ளே இரத்தம் கசிந்து சாகும். சாவுக்கும் இரைக்கும் உள்ள தொடர்பு மற்ற எலிகளுக்குப் புரியாததால் இரையை வெறுப்பதில்லை. பத்தாண்டுக்குள் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினைத் தாங்கும் எலிகள் தோன்றின. அதன் பிறகு வந்தவை புரோமடயலோன், புரோடிஃபேகம் போன்ற வீரியமான மருந்துகள். 0.005 சதவீத புரோமடயலோன் கலந்த கட்டிகளே கடைகளில் எலிக்கேக் என்று விற்கப்படுகின்றன. இவற்றுக்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. பாஸ்பைடுகளுக்கு முறிவு மருந்து இல்லை. ஆனால் புரோமடயலோன் வகை நஞ்சு எலியின் ஈரலில் நெடுநாள் தங்கும். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் பாதிக்கப்படும்.

கட்டடத்துக்கு வெளியே, பூட்டுள்ள பெட்டிக்குள், நகராதபடி பொருத்திய கட்டியாக மட்டுமே நஞ்சு இருக்க வேண்டும். பெட்டிக்கு எண்ணும் வரைபடத்தில் இடமும் தேவை. தளர்வான குருணையாக வைத்த நஞ்சை எலி வாயில் கவ்விச் சரக்கு மூட்டைக்கே கொண்டுபோய்விடும்.

அலுமினியப் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்பீனை வெளிவிடும். திறந்தவெளி வளைகளுக்கு இது வலிமையான ஆயுதம். கட்டடத்தை ஒட்டிய வளையில் போட்டால் வாயு தரைப் பிளவு வழியாக உள்ளே புகும். இந்தியாவில் அரசு வல்லுநர்களும் அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். காற்றோட்டமில்லாத அறையில் எலி நஞ்சு மனிதரையும் கொல்லும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. கடைகளில் எளிதாகக் கிடைத்து வந்த, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தடை செய்யத் தமிழக அரசு நடவடிக்கை எடுத்ததற்கும் அதனால் நேர்ந்த உயிரிழப்புகளே காரணம்.

தொழிலாளர் பாதுகாப்பு

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரோ ஈரமோ தோல் கீறலில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். கிடங்கில் வெறுங்காலோடு மூட்டை சுமப்பவர்களுக்கும் சாக்கடை அள்ளுபவர்களுக்கும் ஆபத்து அதிகம். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். கிருமிநாசினி தெளித்து நனைத்தபின் அள்ள வேண்டும். செத்த எலியைக் கையுறை அணிந்து எடுத்து, ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். காய்ச்சல் வந்த தொழிலாளி மருத்துவரிடம் தான் வேலை செய்யும் இடத்தைச் சொன்னால் நோயைக் கண்டறிவது எளிது.

பதிவேடும் பொறுப்பும்

இந்தியாவில் உணவு நிறுவனங்களுக்கான 2011-ஆம் ஆண்டு உரிம ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, எலி, பூச்சிக் கட்டுப்பாட்டையும் அதற்கான பதிவையும் கேட்கிறது. எந்தப் பெட்டியில் எவ்வளவு இரை குறைந்தது, எந்தப் பொறியில் எத்தனை விழுந்தது, எந்தத் துளை எப்போது அடைக்கப்பட்டது என்ற குறிப்புகளே நிலைமையைக் காட்டும் கண்ணாடி. ஒப்பந்த நிறுவனம் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்திட்டுப் போவது மட்டும் கட்டுப்பாடு ஆகாது. கதவைத் திறந்து போடாமல் இருப்பதும் சிந்தியதை அள்ளுவதும் அங்கேயே வேலை செய்பவர்களால்தான் முடியும்.

பதிவு செய்து படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபேமிலி டாலர் நிறுவனம் எடுத்துக்காட்டு. ஆர்கன்சா மாநிலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் நகரிலுள்ள அதன் கிடங்கில் எலித்தொல்லை இருப்பது 2020-லேயே உள்ளே தெரிந்திருந்தது. சரக்கு தொடர்ந்து கடைகளுக்குப் போனது. 2022 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் உயிருள்ள எலிகளையும் செத்தவற்றையும் புழுக்கையையும் கண்டார்கள். வாயு செலுத்தியபின் 1,100-க்கும் மேற்பட்ட கொறிணிகள் செத்துக் கிடந்தன. ஆறு மாநிலங்களில் 404 கடைகள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024 பிப்ரவரியில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் பறிமுதலும் சேர்த்து 4.1675 கோடி டாலர். உணவுப் பாதுகாப்புக் குற்ற வழக்கில் அதுவரை விதிக்கப்பட்ட மிகப் பெரிய தண்டத்தொகை அது.

கட்டுப்பாடு முடிந்ததா என்பதைச் செத்த எலிகளின் எண்ணிக்கை சொல்லாது. புதுப் புழுக்கை இல்லை, பெட்டியில் இரை குறையவில்லை, மூடிய வளை திறக்கவில்லை என்ற நிலை தொடர்ந்து சில வாரங்கள் நீடித்தால் கூட்டம் அகன்றுவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு நஞ்சைக் குறைத்துவிட்டு வெறும் கண்காணிப்பு இரைக்கு மாறலாம். சுற்றிவந்து பார்ப்பதை மட்டும் நிறுத்தக்கூடாது. அடுத்த லாரிச் சரக்கோடு ஒரு சினை எலி இறங்கினால் போதும், மூன்றே வாரத்தில் கணக்கு மறுபடி தொடங்கும்.